கேரியர் போர்டில் சீரியல் போர்ட்: எர்த்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் விடுதியாக மாறிவரும் ஒரு பழைய வீட்டுக்காக, ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 என்ற சிறு கணினியைப் பொருத்தும் கேரியர் போர்டு ஒன்றை வடிவமைத்தேன். முகப்பில் உள்ள எனர்ஜி மீட்டர்களையும் கொல்லையில் உள்ள போர் மோட்டார் பேனலையும் ஆர்எஸ்-485 என்ற கம்பிவழித் தகவல் இணைப்பின் மூலம் படிக்க வேண்டும். மேசையில் ஒரு மீட்டருடன் நன்றாக ஓடியது. வீட்டில் பொருத்தியதும் சில மீட்டர்கள் பதிலே தரவில்லை. மோட்டார் கிளம்பும்போது மற்றவையும் விட்டுப்போகின்றன. ஓர் இடி மழைக்குப் பிறகு, அந்தக் கம்பியில் தகவலை அனுப்பி வாங்கும் டிரான்ஸீவர் சிப்பும் போய்விட்டது. அடுத்த போர்டில் எதை மாற்றுவது? – வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் மாட்யூலின் ஜிபிஐஓ 14, 15 பின்களிலிருந்து நேராக டிரான்ஸீவர், அங்கிருந்து இரண்டு கம்பிக்கான டெர்மினல். மேசைக்கு இது போதும். உங்கள் வீட்டின் முகப்போ ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். நடுவே வளவும் இரண்டாம் கட்டும் அடுப்படியும் இருக்கின்றன. மீட்டர் போர்டுக்கு ஓர் எர்த் குழி, மோட்டாருக்கு இன்னொன்று. கோடையில் காய்ந்த செம்புறாங்கல் மண்ணில் எர்த்தின் மின்தடை ஏறிவிடும். இரண்டு எர்த்துகளும் ஒரே வோல்டேஜில் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆர்எஸ்-485 தாங்க வேண்டிய எல்லையாகத் தரநிலை சொல்வது மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். அதைத் தாண்டினால் தகவல் கெடும்; அருகில் மின்னல் இறங்கினால் சிப்பே போகும்.

ஆகவே போர்டைக் கேபிளின் மறுமுனையிலிருந்து வரையத் தொடங்குங்கள். ஐசொலேஷன் (இரு பக்கங்களுக்கும் நேரடி மின் இணைப்பு இல்லாத பிரிப்பு) உள்ள டிரான்ஸீவரும், அதன் கேபிள் பக்கத்துக்கு ஐசொலேஷன் உள்ள சிறிய டிசி-டிசி மாற்றியும் கட்டாயம். அந்தப் பிரிப்பின் குறுக்கே எந்த அடுக்கிலும் செம்பு ஓடக் கூடாது. கிரவுண்டு பரப்பை நிரப்பும்போது மென்பொருள் தானாக அங்கே செம்பை ஊற்றிவிடும். உற்பத்திக்கு அனுப்பும் முன் ஒவ்வோர் அடுக்கையும் திறந்து கண்ணால் பாருங்கள். டெர்மினலில் மூன்றாவது கம்பிக்கும் இடம் வையுங்கள். ஏ, பி இணையோடு பொதுக் கம்பியும் எல்லாக் கருவிகளுக்கும் போக வேண்டும். "சிக்னல் இரண்டு கம்பிக்கு இடையில்தானே, கிரவுண்டு எதற்கு?" என்று அதை விட்டுவிடுவது நம் ஊரில் பரவலாக இருக்கிறது. பல தொல்லைகளுக்கு வேர் அதுதான்.

எஸ்எம்712 என்ற டிவிஎஸ் (திடீர் வோல்டேஜ் உச்சத்தை அடக்கும்) டையோடு இந்த மைனஸ் 7, பிளஸ் 12 எல்லைக்கென்றே செய்யப்பட்டது. அதை டெர்மினலை ஒட்டி வையுங்கள், சிப்பை ஒட்டி அல்ல. கேபிள் வீட்டுக்கு வெளியே தோட்டம் வரை போனால், நுழைவிடத்தில், பெரிய உச்சங்களை எர்த்துக்குத் திருப்பும் கேஸ் டிஸ்சார்ஜ் டியூப் ஒன்றும் வேண்டும். நேரடி மின்னலுக்கு இவை எதுவும் ஈடுகொடுக்காது.

சில மீட்டர்கள் பதில் தராததற்குக் காரணம் அநேகமாக எர்த் அல்ல, பேரிட்டி (பிழை கண்டறிய ஒவ்வோர் எழுத்தோடும் சேரும் கூடுதல் பிட்). புளூடூத் உள்ள மாட்யூலில் 14, 15 பின்களுக்கு வழக்கமாக வருவது மினி யூஏஆர்டி என்ற எளிய சீரியல் போர்ட். அதில் பேரிட்டி பிட் கிடையாது. மீட்டர்கள் பேசும் மோட்பஸ் ஆர்டியூ நெறிமுறையின் இயல்பான அமைப்போ ஈவன் பேரிட்டி. பேரிட்டி இல்லாமல் அமைத்த மீட்டர் உங்கள் மேசையில் பேசியிருக்கும். தொழிற்சாலை அமைப்பிலேயே இருப்பவை பேசா. மாட்யூலில் முழுத் திறனுள்ள யூஏஆர்டிகள் இன்னும் உண்டு. நான் தேர்ந்தெடுப்பது நான்காவதை: 8, 9 பின்களில் தகவல், 11இல் ஆர்டிஎஸ் என்ற கட்டுப்பாட்டு சிக்னல். டிரான்ஸீவரை அனுப்பும் நிலைக்கு மாற்றும் டிஇ பின்னை அந்த ஆர்டிஎஸ்ஸோடு இணைத்து, லினக்ஸின் ஆர்எஸ்-485 வசதியிடம் பொறுப்பை விடுங்கள். பயன்பாட்டு நிரலிலிருந்து டிஇயை ஏற்றி இறக்கினால் சில சமயம் தாமதமாகும். அதற்குள் மீட்டர் பதிலைத் தொடங்கிவிடும். 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1.15 மில்லி விநாடிதான்.

மூன்றாவது யூஏஆர்டியை எடுத்தால் ஆர்டிஎஸ் 7ஆம் பின்னில் வரும். 0 முதல் 8 வரையுள்ள பின்கள் பவர் வந்ததும் உள்ளிருக்கும் புல்-அப் ரெசிஸ்டரால் மேலே (ஹை நிலையில்) நிற்பவை. இயங்குதளம் எழும் வரை உங்கள் போர்டே லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும். 9 முதல் 27 வரை கீழே நிற்கும். எதை எடுத்தாலும் டிஇயிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிடுங்கள். 14, 15 பின்களைக் கன்சோலுக்கென்று தனி மூன்று-பின் இணைப்பாக விடுங்கள். பூட் செய்திகள் மீட்டர் லைனில் கொட்டாமல் இருக்கும். போர்டு எழாத நாளில் அதுவே கைகொடுக்கும்.

கேபிள் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் இருக்கப் போடும் 120 ஓம் டெர்மினேஷன் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 60, 70 மீட்டர் கேபிளில் சிக்னல் போய்ச்சேர அரை மைக்ரோ விநாடிகூட ஆகாது. 9600இல் ஒரு பிட்டின் அகலம் 104 மைக்ரோ விநாடி. ஜம்பரோடு இடம் மட்டும் வையுங்கள். இரண்டு முனைகளிலும் தவிர வேறெங்கும் போடாதீர்கள்.

புதிய போர்டை அனுப்பும் முன் எலக்ட்ரீஷியன் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யுங்கள். கொல்லையின் எர்த்திலிருந்து ஒரு கம்பியை முகப்பு வரை இழுத்து, அங்குள்ள எர்த்துக்கும் அதற்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, ஏசி, டிசி இரண்டிலும் பாருங்கள். மோட்டார் நிற்கும்போது ஓர் அளவு, கிளம்பும்போது ஓர் அளவு. கிளம்பும் கணத்தின் உச்சத்தைச் சாதாரண மல்டிமீட்டர் முழுதாகப் பிடிக்காது. ஆகவே அளவு சிறிதாக வந்தாலும் ஐசொலேஷனைக் கைவிடாதீர்கள். பெரிதாக வந்தால், போர்டுக்கு முன்னால் எர்த் குழிகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.