மல்யுத்த வீரர் ஹீரோவாக நடித்த ஆக்‌ஷன் த்ரில்லர்களில் பார்க்கும்படியாக எது இருக்கிறது?

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் ஜான் சீனா நடித்த '12 ரவுண்ட்ஸ்' பாருங்கள். 2009இல் வந்தது. ஆகா ஓகோ என்று சொல்ல மாட்டேன். தியேட்டர் வசூலில் போட்ட பணம்கூடத் திரும்பாத படம்தான். ஆனால் மல்யுத்தக்காரரை வைத்து த்ரில்லர் எடுத்தால் எது எடுபடும், எது எடுபடாது என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில், மனைவியின் வீட்டாரோடு. இலவசமாக வரும் இ.டிவி சேனலிலேயே டபிள்யூ.டபிள்யூ.இ, அதாவது சீனாவெல்லாம் ஆடும் அந்த நாடக மல்யுத்தம், வருஷக்கணக்கில் ஓடிய நாடு இது. மாமனார் அதன் பரம ரசிகர். தென்னாப்பிரிக்காவுக்கு டிவியே 1976இல்தான் வந்தது. அதற்கு முன்னால் இவருக்கெல்லாம் மல்யுத்தம் என்றால் டிக்கெட் வாங்கி நேரில் பார்ப்பதுதான். அந்தப் பழக்கமோ என்னவோ, டிவியில் பார்த்தாலும் முகத்தை விட்டுவிட்டுக் கைகால்களையே கவனிப்பார். உதைக்கிறவன் அதே நொடியில் தன் தொடையைத் தானே அறைந்து சத்தம் கிளப்புவதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். "பாரு மாப்ளே, கால் அங்க போவுது, சத்தம் இங்கேர்ந்து வருது!"

அந்த வித்தைதான் சினிமாவில் காலை வாருகிறது. ரிங்கின் தரை என்பது இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, கொஞ்சம் ஃபோம், மேலே கான்வாஸ். விழுந்தால் அரங்கமே அதிரும். வலியும் அப்படித்தான் கடைசி வரிசை வரைக்கும் தெரிய வேண்டும். வாயைப் பிளந்து, இடுப்பைப் பிடித்து, உருண்டு புரண்டு காட்டுவார்கள். ரீடேக்கும் கிடையாது. உண்மையில் கஷ்டமான நடிப்பு அது. அதே முகத்தை க்ளோசப்பில் வைத்தால் பல்வலிக்காரர் மாதிரி இருக்கும்.

'12 ரவுண்ட்ஸ்' எடுத்த ரென்னி ஹார்லினுக்கு இது தெரிந்திருக்கிறது. 'டை ஹார்ட் 2', 'கிளிஃப்ஹேங்கர்' எல்லாம் எடுத்த கை அல்லவா? சீனாவை அதிகம் நடிக்க விடாமல் ஓட விட்டுவிட்டார். நியூ ஆர்லியன்ஸ் போலீஸ்காரர் டேனி ஒரு சர்வதேசக் குற்றவாளியைப் பிடிக்கப் போன இடத்தில் அவனுடைய காதலி கார் மோதிச் சாகிறாள். ஒரு வருடம் கழித்து ஜெயிலிலிருந்து தப்பி வருகிறவன், டேனியின் காதலியைக் கடத்தி வைத்துக்கொண்டு, பன்னிரண்டு சுற்று விளையாடச் சொல்கிறான். போன் வரும், ஓட வேண்டும். மறுபடி போன், மறுபடி ஓட்டம். பாதிப் படத்திலேயே மாமா சொல்லிவிட்டார்: "இவன் எங்க நடிக்கிறான், ஓடிக்கினே இருக்கானே!"

ஆனால் படத்தின் பலமே அதுதான். எதிராளி போனில் இருக்கும்போது அத்தனை பெரிய புஜத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆளைத் தூக்கி அடிக்க முடியாத ஜான் சீனா என்பதே பாதி த்ரில். பிரேக் பிடிக்காத டிராம் காட்சியில் அந்த உடம்புக்கு ஒரு வேலையும் இல்லை, மூளைக்குத்தான் வேலை. வில்லனாக வரும் எய்டன் கில்லன் குரலை உயர்த்தாமலே படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார். லாஜிக் மட்டும் கேட்காதீர்கள். அதிலும் அந்த ஹெலிகாப்டர் கிளைமாக்ஸ்! எங்கள் வீட்டில் அந்த நேரம் பார்த்து லோட்ஷெடிங் வந்து கரன்ட் போனது. பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.

சீனாவே 2006இல் நடித்த 'தி மரைன்' வேறு ரகம். எதைத் தொட்டாலும் வெடிக்கும். நண்பர்களோடு சிரித்துக்கொண்டே பார்க்கலாம். த்ரில்லர் என்று நம்பி உட்காராதீர்கள்.

"நடிக்கவும் தெரிய வேண்டும்" என்று கேட்டால் டேவ் பட்டிஸ்டாதான். 'பிளேடு ரன்னர் 2049' தொடக்கத்தில் கொஞ்ச நேரமே வருகிறார். சின்ன மூக்குக்கண்ணாடி, தணிந்த குரல், அவ்வளவு பெரிய உடம்பில் அப்படி ஓர் அயர்ச்சி. அடிதடி ஆரம்பிக்கும் முன்பே அந்த ஆள் மேல் பரிதாபம் வந்துவிடும். ஹீரோ வேடம் இல்லை, அதனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஆகாது. இருந்தாலும் பாருங்கள்.

அப்புறம், '12 ரவுண்ட்ஸ்' பெயரில் இன்னும் இரண்டு உண்டு. 2013இல் ராண்டி ஆர்ட்டன், 2015இல் டீன் ஆம்ப்ரோஸ். கதைத் தொடர்ச்சி கிடையாது, சீனாவும் கிடையாது. ஆர்ட்டன் ரசிகராக இருந்தால் மட்டும் இரண்டாவதைத் தொடுங்கள்.