மெயில் சர்வர் மாற்றம்: சேலத்து வாசகர்களுக்குப் பதில்கள்

எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ஆகிய இரண்டு மெயில் சர்வர் பதிப்புகளுக்கும் மைக்ரோசாப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதை இந்தப் பகுதியில் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவையே மிகுதி என்பதால், இம்முறை இடம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்களுடையது ஜவ்வரிசி, ஸ்டார்ச் வணிகம். அலுவலகத்துக்கும் ஆலைகளுக்குமாக 120 மெயில்பாக்ஸ்கள் இருக்கின்றன. எல்லாம் எக்ஸ்சேஞ்ச் 2016 ஓடும் ஒரே சர்வரில், ஏறத்தாழ 600 ஜி.பி. அளவில் உள்ளன. ஆடித் திருவிழாவுக்கு விடப்படும் உள்ளூர் விடுமுறையன்று ஒரே நாளில் புதிய பதிப்புக்கு மாற்றிவிட வேண்டும் என்கிறார் எங்கள் முதலாளி. முடியுமா? (வாசகர், சூரமங்கலம்)

பதில்: முடியாது. அதை முதலாளியிடம் எடுத்துச் சொல்வதற்கான காரணங்களைத் தருகிறேன்.

முதலில் அந்த நாளையே பார்ப்போம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு விடப்படும் விடுமுறை சேலம் மாவட்டத்துக்கு மட்டும் உரியது, வங்கிகளுக்குப் பொருந்தாது. உங்கள் சரக்கை வாங்கும் மகாராஷ்டிர, குஜராத் வியாபாரிகளுக்கு அன்று வழக்கமான வேலை நாள். நீங்கள் கோயிலில் நிற்கும்போது அவர்கள் விலை கேட்டு மெயில் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். மாற்றத்துக்கு ஏற்ற நேரம் சனிக்கிழமை மாலை. ஆனால் அதுவும் கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே ஏற்றது. அதற்கு முன்னால் நாலைந்து வாரத்து வேலை இருக்கிறது.

அடுத்தது வழிமுறை. 2025 ஜூலை 1ஆம் தேதி வெளியான எக்ஸ்சேஞ்சின் புதிய பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனை 2019 பதிப்பின் மேல் நேரடியாக நிறுவலாம். அதற்கும் அந்த 2019 சர்வரில் 14ஆவது அல்லது 15ஆவது தொகுப்பு மேம்படுத்தல் (கியூமுலேடிவ் அப்டேட்) இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 2016 என்பதால் இந்தக் குறுக்குவழி உங்களுக்குக் கிடையாது. பழைய சர்வரை 23ஆவது தொகுப்பு மேம்படுத்தலுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் புதிய சர்வர் ஒன்றை நிறுவி, இரண்டையும் சில வாரங்கள் சேர்ந்து ஓடவிட்டு, மெயில்பாக்ஸ்களை ஒவ்வொன்றாக நகர்த்துவதுதான் வழி. புதிய பதிப்புக்குச் சந்தா உரிமமோ, சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் எனப்படும் தொடர் ஒப்பந்தத்துடன் கூடிய உரிமமோ வேண்டும் என்பதையும் முதலாளியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பில் வந்த பிறகு சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இனி முக்கியமான இடம். மெயில் சர்வர் மாற்றம் என்றாலே எல்லோரும் மெயில் தொலைந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். உண்மையில் மெயில் பொறுமைசாலி. உங்கள் சர்வர் பதில் சொல்லாவிட்டால் அனுப்பும் சர்வர் அதை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாள் வரையாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்பது, சர்வர்கள் தமக்குள் மெயிலைப் பரிமாறப் பின்பற்றும் எஸ்.எம்.டி.பி. விதிமுறையின் பரிந்துரை. சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் சர்வர் நின்றாலும் வெளியிலிருந்து வரும் கடிதம் ஞாயிறு காலைக்குள் வந்து சேர்ந்துவிடும். காத்திருக்கத் தெரியாதவை வேறு சில. ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரம், சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள், பேக்கப் முடிந்ததைத் தெரிவிக்கும் நிரல், எடைமேடைக் கணினி, மேலாளர்களின் கைபேசிகள் ஆகியவற்றில் பலவும் பழைய சர்வரின் பெயரையோ ஐ.பி. எண்ணையோ மனப்பாடமாக வைத்திருக்கின்றன. அவற்றை அப்படி அமைத்தவர் வேலையை விட்டுப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ஆகவே உங்கள் திட்டத்தின் முதல் தாள் இந்தப் பட்டியல்தான். பழைய சர்வரில் மெயிலை ஏற்கும் வாசலான ஒவ்வொரு கனெக்டரிலும், அதன் வழியே வருவதைக் குறித்துவைக்கும் புரோட்டோகால் லாக்கை இயக்கிவிட்டு, எந்தெந்த ஐ.பி. எண்ணிலிருந்து மெயில் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். குறைந்தது ஒரு மாதக் கடைசியாவது அதற்குள் வர வேண்டும். சம்பள மென்பொருள் மாதத்துக்கு ஒரு நாள்தான் வாயைத் திறக்கும்.

இரண்டாவதாக, புதிய சர்வரை நிறுவும் நேரம். இது பலரையும் கவிழ்க்கும் இடம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நிறுவல் முடிந்த கணத்தில், அதில் ஒரு மெயில்பாக்ஸ்கூட இல்லாதபோதே, புதிய சர்வர் தன் பெயரை, நிறுவனத்தின் பயனர்கள், கணினிகள் பற்றிய பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில், மெயில் சர்வர் எங்கே என்று காட்டும் ஆட்டோடிஸ்கவர் முகவரியாகப் பதிவுசெய்துகொள்கிறது. அலுவலகக் கணினிகளில் உள்ள அவுட்லுக் அந்தப் பதிவைத் தேடிப் படிக்கும் பழக்கம் உடையது; படித்ததும் புதிய சர்வரின் கதவைத் தட்டுகிறது. அங்கே இருப்பதோ சர்வர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ். உடனே ஒவ்வொரு மேஜையிலும், இந்தச் சான்றிதழை நம்பலாமா என்று கேட்கும் பெட்டி எழுகிறது. பகல் 11 மணிக்கு நிறுவினால் 11.20க்குக் கணக்குப் பிரிவிலிருந்து முதல் அழைப்பு வரும். எனவே அலுவலகம் முடிந்த பிறகு நிறுவுங்கள். நிறுவி முடித்ததும் அந்தப் பதிவைப் பழைய சர்வர் பயன்படுத்தும் பெயருக்கே மாற்றும் கட்டளையை முன்கூட்டியே தட்டச்சு செய்து ஒரு கோப்பில் வைத்திருங்கள். பழைய சர்வரின் முறையான சான்றிதழையும் அன்றிரவே புதியதில் ஏற்றிவிடுங்கள்.

நிறுவலின்போது ஆக்டிவ் டைரக்டரியின் ஸ்கீமா, அதாவது அதில் என்னென்ன பதியலாம் என்ற அமைப்பு, விரிவாக்கப்படும். நகர்த்திய மெயில்பாக்ஸைத் திருப்பி நகர்த்தலாம், நிறுவிய சர்வரை நீக்கலாம், ஆனால் ஸ்கீமா மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது. அதற்கு முன், ஆக்டிவ் டைரக்டரி இருக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் பேக்கப்பை எடுப்பதோடு நில்லாமல், அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, வட்டு இடம். இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நூற்பாலை ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை இரவு 90 மெயில்பாக்ஸ்களையும் ஒரே மூச்சில் நகர்த்தக் கட்டளையிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். எக்ஸ்சேஞ்ச் தன் தரவுத்தளத்தில் எழுதும் ஒவ்வொன்றையும் முதலில் 1 எம்.பி. அளவுள்ள லாக் கோப்புகளாக எழுதுகிறது. 200 ஜி.பி. நகர்ந்தால் ஏறத்தாழ 2 லட்சம் லாக் கோப்புகள் சேரும். முறையான பேக்கப் ஒன்று முடியும்வரை அவை அழிவதில்லை. லாக்குக்கு நான் ஒதுக்கியிருந்த இடம் 100 ஜி.பி. விடியற்காலை வட்டு நிரம்பி, தரவுத்தளம் தானாகக் கழன்றுகொண்டது. புதிய சர்வருக்கு அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தவர்களில் எங்கள் பொது மேலாளரும் ஒருவர். சனிக்கிழமை காலை 8 மணிக்கு அவர் என்னிடம் பேசிய பேச்சை இங்கே அச்சிட முடியாது.

உங்கள் 600 ஜி.பி.யை அப்படி நகர்த்தாதீர்கள். முதலில் ஐ.டி. பிரிவைச் சேர்ந்த ஐந்து பேரின் மெயில்பாக்ஸை நகர்த்தி, மணிக்கு எத்தனை ஜி.பி. போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். மணிக்கு 12 ஜி.பி. போனால் மொத்தத்துக்கும் 50 மணி நேரம் ஆகும். அதை நாலைந்து இரவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு இரவுக்குப் பிறகும் பேக்கப் எடுத்து லாக்குகளை அழியவிட்டு, அடுத்த தொகுதியைத் தொடங்குங்கள். பேக்கப்புக்குக் காத்திராமல் பழைய லாக்குகளை அழித்துவிடும் சர்குலர் லாகிங்கை இயக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான்; ஆனால் நடுவில் தரவுத்தளம் கெட்டால் கடைசிப் பேக்கப்புக்குப் பிறகு வந்த மெயில்களை மீட்க லாக் இருக்காது. நான் அதைச் செய்ய மாட்டேன்.

இந்த இரவுகள் எதிலும் யாருடைய வேலையும் நிற்காது. மெயில்பாக்ஸின் 95 விழுக்காட்டை நகலெடுத்துவிட்டு, உரியவர் பழைய இடத்திலேயே வேலை செய்துகொண்டிருக்க, அப்படியே நிறுத்திவைக்கும் வசதி எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது. 120 பேரும் அந்த நிலைக்கு வந்த பிறகு ஒரு சனிக்கிழமை மாலை மீதி 5 விழுக்காட்டை முடித்துவிடலாம். உங்கள் முதலாளி கேட்கும் ஒரே நாள் இதுதான். திங்கட்கிழமை காலை சிலரது திரையில், நிர்வாகி மாற்றம் செய்திருப்பதால் அவுட்லுக்கை மூடித் திறக்கும்படி ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். அது வைரஸ் அல்ல என்று முந்தைய வாரமே அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஜவுளி நிறுவனத்துக்குப் பராமரிப்புப் பணி செய்பவர், இத்தனை சிரமம் எதற்கு, எல்லோருடைய மெயிலையும் பி.எஸ்.டி. கோப்பாக (அவுட்லுக் மெயிலைத் தனியே சேமிக்கும் கோப்பு) எடுத்து, முற்றிலும் புதிய டொமைனில் (தனி ஆக்டிவ் டைரக்டரியில்) நிறுவிய சர்வரில் போட்டுவிடலாம் என்கிறார். செய்யலாமா? (வாசகர், அம்மாபேட்டை)

பதில்: மெயில் வந்து சேரும். அடுத்த நாள் ஒருவர் மூன்று மாதத்துக்கு முன் சக ஊழியர் அனுப்பிய மெயிலைத் திறந்து அதற்குப் பதில் எழுதுவார். அது அப்படியே திரும்பி வரும். உள்ளுக்குள் அனுப்பும் மெயிலில் எக்ஸ்சேஞ்ச் பதிந்துவைப்பது நாம் காணும் முகவரியை அல்ல. அதற்குப் பின்னால் இருக்கும் நீண்ட உள்முகவரி ஒன்றை. புதிய டொமைனில் அதே ஊழியருக்கு வேறு உள்முகவரி அமைந்துவிடும் என்பதால், பழைய கடிதமும், அவுட்லுக் தானாக நிரப்பித் தரும் பெயரும் இல்லாத வீட்டையே சுட்டிக்காட்டும். பழைய உள்முகவரியை எக்ஸ்-500 முகவரியாக ஒவ்வொருவருக்கும் சேர்த்தால் சரியாகிவிடும். அவர் அதைச் செய்வாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லைக் கேட்டு விழித்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து அலுவலகம் எங்களுடையது. சர்வர் சேலத்தில் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. மலையில் இணையம் மெதுவானது; மழைக்காலத்தில் அறுந்தும் போகும். சர்வர் மாறினால் எங்கள் கணினிகள் எல்லா மெயிலையும் மறுபடி இறக்குமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: மேலே முதல் பதிலில் சொன்ன முறையில் நகர்த்தினால் இறக்காது. ஒரே நிறுவன அமைப்புக்குள் மெயில்பாக்ஸ் இடம் மாறும்போது மெயிலின் நகலாகக் கணினியில் உள்ள ஓ.எஸ்.டி. கோப்பு செல்லுபடியாகவே இருக்கும். அவுட்லுக் புதிய சர்வரில் விட்ட இடத்திலிருந்து தொடரும். அவுட்லுக்கின் கணக்கு அமைப்பான பழைய புரொஃபைலை அழித்துவிட்டுப் புதியதை உருவாக்கினால்தான் முழுவதும் இறங்கத் தொடங்கும். தலைமை அலுவலகத்தில் யாராவது தொலைபேசியில் அப்படிச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே கேட்டு வாங்குங்கள். உங்களில் ஒருவரின் மெயில்பாக்ஸை முதல் தொகுதியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சேலத்து மேஜையில் சரியாக ஓடுவது, வெளியிலிருந்து வரும் இணைப்பில் சான்றிதழ்ச் சிக்கலால் நிற்கலாம். எல்லோரும் மாறிய பிறகு அது தெரியவந்தால், சரிசெய்ய ஒருவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வர வேண்டியிருக்கும். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் மாற்றம் வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறை அலுவலகத்தில் சர்வரை மாற்றி ஒரு வாரம் ஆகிறது. மெயில் எல்லாம் சரி. ஸ்கேனர் மட்டும் எதையும் அனுப்ப மறுக்கிறது. புதிய சர்வரின் ஐ.பி. எண்ணைக் கொடுத்தும் பயனில்லை. (வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

பதில்: இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். பழைய சர்வரில் அந்த ஸ்கேனருக்கென்று கடவுச்சொல் கேட்காத தனிக் கனெக்டரை யாரோ அமைத்திருப்பார்கள். அது புதியதற்குத் தானாக வராது. அல்லது இணைப்பை மறையாக்கும் டி.எல்.எஸ். முறையில் ஸ்கேனர் பழைய 1.0 பதிப்பில் பேச, புதிய சர்வர் 1.2க்குக் கீழே பேச மறுக்கிறது. முதல் காரணமானால், அந்த ஸ்கேனரின் ஐ.பி. எண்ணுக்கு மட்டும் அனுமதி தந்து கனெக்டரை அமையுங்கள். அவசரத்தில் எல்லா எண்ணுக்கும் திறந்துவிட்டால், ஊரில் உள்ள குப்பை மெயில் எல்லாம் உங்கள் பெயரில் போகும்; உங்கள் முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டால் வெளியே வர நாளாகும். இரண்டாவது காரணமானால், ஸ்கேனரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: எல்லோரையும் நகர்த்திவிட்டோம். பழைய சர்வரின் மின்சாரத்தைப் பிடுங்கிவிடலாமா? (வாசகர், ஐந்து ரோடு)

பதில்: பிடுங்காதீர்கள். ஆட்களின் மெயில்பாக்ஸ் போக, ஆர்பிட்ரேஷன் மெயில்பாக்ஸ் எனப்படும், சர்வர் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் சில பெட்டிகள் பழையதிலேயே தங்கியிருக்கும். சாதாரணப் பட்டியலில் அவை தெரிவதில்லை. தனியாகக் கேட்டு எடுத்து நகர்த்த வேண்டும். பிறகு பழைய சர்வரின் எக்ஸ்சேஞ்ச் சேவைகளை மட்டும் நிறுத்திவைத்து, ஒரு மாதக் கடைசி கடக்கும்வரை பொறுத்திருங்கள். யாரும் அழைக்காவிட்டால் சேவைகளை மீண்டும் இயக்கி, கண்ட்ரோல் பேனல் வழியாக எக்ஸ்சேஞ்சை முறைப்படி நீக்குங்கள். அப்படி நீக்காமல் கணினியைக் கடாசிவிட்டால், ஆக்டிவ் டைரக்டரியில் அதன் பெயர் அப்படியே நிற்கும். அடுத்த பதிப்பை நிறுவ வருபவர், இல்லாத அந்தச் சர்வரைத் தேடி உங்கள் அலுவலகத்து அலமாரிகளை எல்லாம் திறந்து பார்ப்பார்.