இதய மின்வரைபடம் சிதறுகிறதா? லேம்ப்டாவைத் தொடுவதற்கு முன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகலை மாணவி நான். மார்பிலும் முதுகிலும் 120 மின்முனைகள் ஒட்டிப் பதிந்த ஈசிஜியிலிருந்து, சிடி ஸ்கேன் வடிவத்தின் உதவியோடு இதய வெளிப்பரப்பின் மின்னழுத்தத்தைக் கணக்கிடுகிறேன். டிக்கனோவ் முறைதான்: தரவோடு பொருந்துவதற்கும் விடை அளவுமீறிப் பெருகாமல் இருப்பதற்கும் இடையே சமன் காணும் முறை; அந்தச் சமனை அமைக்கும் எண்தான் லேம்ப்டா. வரைபடம் ஒன்று மொழுக்கென்று வருகிறது, இல்லையென்றால் புள்ளி புள்ளியாகச் சிதறுகிறது. லேம்ப்டாவை எவ்வளவு மாற்றியும் பயனில்லை.

பதில்: எந்த லேம்ப்டாவும் ஒத்துவரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, இதயத்தையும் தோலையும் இணைக்கும் கடத்து அணியை (மேட்ரிக்ஸ்; இதய மின்னழுத்தத்திலிருந்து தோல் மின்னழுத்தத்தைத் தரும் எண் அட்டவணை). இதயப் பரப்பு முழுதும் 1 மில்லிவோல்ட் என்று கொடுத்துப் பாருங்கள். தோலைத் தாண்டி மின்னோட்டம் வெளியேறாது என்பதால் உடற்பரப்பிலும் எங்கும் 1 மில்லிவோல்ட்தான் வரவேண்டும். அதாவது அணியில் ஒவ்வொரு நிரையின் (ஒரு மின்முனைக்கு உரிய கிடைவரிசையின்) கூட்டும் 1. வராவிட்டால் பரப்புகளை ஆக்கும் முக்கோணங்களின் திசை புரண்டிருக்கலாம், அல்லது இதயம் மில்லிமீட்டரிலும் மார்பு சென்டிமீட்டரிலும் இருக்கலாம்.

கூட்டு சரியாக வந்தாலும் மின்முனைகளின் வரிசை மாறியிருக்க வாய்ப்புண்டு. ஆர் அலை (ஈசிஜியின் உயர்ந்த கூர்முனை) உச்சத்தின் மதிப்புகளை மார்பு வடிவத்தின் மேல் வண்ணமிட்டுப் பாருங்கள். நேர்ப் பகுதியின் நடுவே ஒரே ஒரு முனை எதிர்க்குறியோடு நின்றால், அது இடம் மாறியது அல்லது சரியாக ஒட்டாதது. கெட்ட முனையை அக்கம்பக்கத்து மதிப்புகளால் நிரப்பாதீர்கள். தரவிலும் அணியிலும் அந்த நிரையை எடுத்துவிடுங்கள்.

பலர் தவறவிடுவது ஒப்பீட்டு முனையை. கருவி வில்சன் மைய முனையை (இரு கைகள், இடது கால் ஆகியவற்றின் சராசரி) சார்ந்து அளக்கிறது. அணிக்கு அது தெரியாது. எல்லா முனைகளின் சராசரியைத் தரவின் ஒவ்வொரு கணத்திலிருந்தும், அணியின் ஒவ்வொரு நிரலிலிருந்தும் கழியுங்கள். கழித்தபின் நிரைக்கூட்டு 1 வராது. அந்தச் சோதனையை முன்பே முடித்துவிடுங்கள். மின் இரைச்சல் வடிகட்டி 50 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்; அமெரிக்க மென்பொருள் 60-இல் அமைந்திருக்கலாம்.

இனி லேம்ப்டா. உடல் திசு நுணுக்கங்களை மழுக்கித்தான் தோலுக்கு அனுப்புகிறது. தலைகீழாக்கும்போது அணியின் மிகச் சிறிய சிங்குலர் மதிப்புகளால் (ஒவ்வொரு வடிவமும் எவ்வளவு வலுவாகத் தோலை எட்டுகிறது என்று காட்டும் எண்கள்) வகுக்கிறோம். மைக்ரோவோல்ட் இரைச்சல்கூட பூதாகரமாகிவிடும். க்யூஆர்எஸ்ஸின் (இதயக் கீழறைகள் தூண்டப்படும் அலைப்பகுதி) ஒவ்வொரு கணத்துக்கும் எல்-வளைவின் (லேம்ப்டா மாற மாற, தரவுப் பிழைக்கு எதிராக விடையின் அளவை வரையும் கோடு) முழங்கையைக் கண்டு, கிடைத்தவற்றின் இடைநிலை மதிப்பை எல்லாக் கணங்களுக்கும் வையுங்கள். வெளிப்பரப்பு மதிப்பு நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் ஏறினால் லேம்ப்டா போதவில்லை. தோலில் உள்ள அளவுக்கே நின்றால் கூடிப்போயிற்று.

ஒவ்வோர் இடத்தின் மின்தூண்டல் நேரத்தையும் அங்குள்ள அலையின் மிகச் செங்குத்தான இறக்கத்தை வைத்துக் குறிக்கும்போது திடீரென்று ஒரு 'தடைக்கோடு' (தூண்டல் பரவாமல் தடைபடுவதுபோல் தோன்றும் கோடு) தெரிந்தால் நம்பிவிடாதீர்கள். கோட்டின் இருபுறத்து அலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள்: இரண்டு சிறு இறக்கங்கள் கொண்ட ஒரே வடிவ அலையாக இருந்தால், கணக்கு ஒருபுறம் முதல் இறக்கத்தையும் மறுபுறம் இரண்டாவதையும் பிடித்திருக்கிறது.