குயின் மேரியின் பலகைகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற பழைய அமெரிக்கப் பயணிக் கப்பலைக் கடலடியில் இறக்குவதற்காகப் பிலடெல்பியாவிலிருந்து இழுத்துச் சென்றதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் சென்னையில் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்பவன். இருபது வருடமாக மரமும் பிளைவுட்டும்தான் பிழைப்பு. ஒரு விஷயம் எனக்கு இடித்தது. உள்ளே ஒரு நாற்காலிகூட மிச்சமில்லாத கூட்டுக்கு ஏன் இவ்வளவு வருத்தம்? அதே நாட்டில், கலிபோர்னியாவின் லாங் பீச்சில் குயின் மேரி என்ற இன்னொரு பழைய பயணிக் கப்பல் நிற்கிறது. படத்தில் பார்த்தாலே கை பரபரக்கிறது. 1936இல் ஒட்டிய வெனீர், அந்த மெல்லிய மரச் சீவல், இன்னும் சுவரில் இருக்கிறது! அதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

நான் செய்த வேலையே பத்து வருடத்தில் ஓரம் விடுகிறது. அந்த வெனீர் இன்னும் எத்தனை நாள் தாங்கும்? கப்பலின் இரும்பு துருப்பிடித்துக் கிடக்கிறது என்கிறார்கள். பேசாமல் பலகைகளைக் கழற்றி ஓர் அருங்காட்சியகத்தில் பொருத்திவிட்டு, இரும்பை உடைத்துவிட்டால் என்ன? குஜராத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் அலங் போயிருந்தபோது, ஏதோ பழைய பயணிக் கப்பலின் சுவர்ப் பலகைகள் சாலையோரக் கடையில் கிடைத்தன. வாங்கிவந்து ஒரு வாடிக்கையாளர் வீட்டு ஹாலில் அடித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. என்ன, ஒரு பலகையின் அடியும் மூலைமட்டத்துக்கு, அதாவது சரியான செங்கோணத்துக்கு, நிற்கவில்லை. அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று எல்லாவற்றையும் அறுத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

அடுத்த வருடம் மகளைப் பார்க்கக் கலிபோர்னியா போகிறேன். குயின் மேரியையும் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். அதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொன்ன நாற்காலியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். யுனைடெட் ஸ்டேட்ஸில் நாற்காலிகள் இருந்தன. அலுமினியத்தில். அதை வடிவமைத்த வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸுக்கு நெருப்பென்றால் அப்படியொரு பயம். 1934இல் மாரோ காசில் என்ற பயணிக் கப்பல் நியூ ஜெர்சிக் கரைக்கு எதிரே எரிந்து 137 பேர் செத்தார்கள். 1942இல் நார்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணிக் கப்பல் நியூயார்க் துறையிலேயே எரிந்து கவிழ்ந்தது. இரண்டும் அவர் மனதில் இருந்தன. 1952இல் அவருடைய கப்பல் ஓடத் தொடங்கியபோது, பியானோவையும் சமையலறையில் இறைச்சி வெட்டும் கட்டையையும் விட்டால் உள்ளே மரமே கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். டோரதி மார்க்வால்டும் ஆன் அர்க்கார்ட்டும் உள்ளறைகளை அமைத்தார்கள். திரைச்சீலைத் துணிகூடத் தீப்பிடிக்காத ரகமாகத் தேட வேண்டியிருந்தது. அட்லாண்டிக்கை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் தாண்டிய கப்பலில், உங்களைப் போன்ற ஒருவருக்கு இழைக்க ஒரு சிராய் கிடைத்திருக்காது.

1969இல் ஓட்டம் நின்றது. 1984இல் அப்போதைய உரிமையாளர் கடனை அடைப்பதற்காகக் கப்பலுக்குள் இருந்ததையெல்லாம் ஏலம் விட்டார். நாற்காலி, கட்டில், தட்டு, கரண்டி எல்லாம் போயிற்று. ஒரு பகுதி வட கரோலினாவின் நாக்ஸ் ஹெட் கடற்கரையில் இருந்த ஓர் உணவகத்துக்குப் போயிற்று. அந்த உணவகமும் இப்போது இல்லை. ஆனால் ஏலம் எடுத்துப் போனது தட்டுமுட்டுச் சாமான்களை மட்டும்தான். அறைகள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு முடிவுகட்டியது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். தீப்பிடிக்காத கப்பல் வேண்டும் என்று, அறைகளைப் பிரிக்கும் தடுப்புகளையே கல்நார் கலந்த அட்டையில் செய்திருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் கப்பலைத் துருக்கிக்கும், அங்கிருந்து உக்ரைனின் செவஸ்தபோலுக்கும் இழுத்துப் போய், மூச்சுக்குக் கேடான அந்தக் கல்நாரை உரித்தார்கள். கல்நார்தான் சுவர் என்னும்போது, உரித்த பிறகு என்ன மிஞ்சும்? 1996இல் பிலடெல்பியா வந்து சேர்ந்தபோது ஒவ்வொரு தளமும் சாமான் இல்லாத கிடங்கு மாதிரி இருந்தது. எரியவே கூடாது என்று கட்டிய உள்ளறைகளை அந்தக் கவனமே தின்றுவிட்டது. வருத்தம் எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா, எனக்கு இதற்குத்தான்.

குயின் மேரி எல்லாவற்றிலும் இதற்கு நேர்மாறு. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் கட்டி 1934இல் தண்ணீரில் இறக்கினார்கள், 1936 மே மாதம் முதல் பயணம். பிரிட்டிஷ் பேரரசின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட மர வகைகள் உள்ளே உண்டு. ‘அழகிய மரங்களின் கப்பல்’ என்பதுதான் அவளுக்குப் பட்டப்பெயர். முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் மெக்டொனால்ட் கில் வரைந்த அட்லாண்டிக் வரைபடம் இருக்கிறது. அதில் படிகத்தில் செய்த குட்டிக் கப்பல் ஒன்று, உண்மைக் கப்பல் அன்றைக்கு எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ அந்த இடத்துக்கு நகரும். சாப்பிட உட்கார்ந்தவர்கள் ‘பாதி தாண்டிவிட்டோம்’ என்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் படங்களையெல்லாம் பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில் அவள் புரண்ட புரளலுக்கு அந்த உள்ளறைகள் தயாராகவே இல்லை. இவ்வளவு பெரிய கப்பல் ஆடாது என்று நம்பி, நடைபாதைகளில் கைப்பிடிக் கட்டையே வைக்காமல் விட்டிருந்தார்கள். சோபாக்களைத் தரையோடு பிணைக்கவில்லை. புயலில் சோபாவும் ஆளும் சேர்ந்தே சறுக்கினார்கள். தேநீரைச் சிந்தாமல் அதிலிருக்கும் பாலை மட்டும் உருட்டி வெளியே கொட்டிவிடுவாள் என்று மாலுமிகள் கிண்டல் செய்வார்களாம். பிறகுதான் நடைபாதை நெடுகக் கட்டைகள் வந்தன. புரளலைக் குறைக்கும் துடுப்புகளைப் பொருத்தியது 1958இல். ஆகவே இன்றைக்குப் போகிறவர்கள் பிடித்து நடக்கும் கட்டை, முதல் வடிவமைப்பில் இல்லாமல், அடிபட்டுச் சேர்த்த பாகம்.

போர் வந்ததும் சாம்பல் வண்ணம் பூசி, ஆறு மைல் நீளக் கம்பளத்தைச் சுருட்டி வெளியே எடுத்துவிட்டுச் சிப்பாய்களை ஏற்றினார்கள். 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேர். நீச்சல் குளத்திலும் படுக்கை அடுக்கியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைத் தாங்கிவிட்டு 1947இல் மறுபடி பயணிக் கப்பலானாள் என்றால், உங்கள் தொழில்காரர்கள் எப்படி வேலை செய்திருப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி உங்கள் யோசனைக்கு வருகிறேன். கழற்றிக் காப்பாற்றிய கதைகள் உண்டு, மறுக்கவில்லை. நார்மண்டியைச் சிப்பாய்க் கப்பலாக மாற்ற உள்ளே இருந்தவற்றில் பெரும்பகுதியை முன்கூட்டியே கழற்றியிருந்தார்கள். பிறகு வெல்டிங் வேலையில் பறந்த பொறி இலவம்பஞ்சு வைத்த உயிர்காப்பு அங்கிகளில் பிடித்துக்கொண்டது. கழற்றியவை பிழைத்தன. வண்ணம் தீட்டிய கண்ணாடிப் பலகைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சாப்பாட்டுக் கூடத்தின் வெண்கலக் கதவுகள் புரூக்ளினில் ஒரு லெபனான் மாரோனைட் தேவாலயத்துக்குக் கதவாகிவிட்டன. டைட்டானிக்கின் அக்காவான ஒலிம்பிக்கை 1930களில் உடைத்தபோது அதன் முதல் வகுப்புப் பலகைகள் இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரில் ஒரு விடுதிக்குப் போயின. இன்றும் அவற்றின் நடுவே உட்கார்ந்து சாப்பிடலாம். உங்கள் அலங்குக்கே வந்த ‘பிரான்ஸ்’ என்ற பெயருள்ள கப்பல் இருக்கிறதே, நார்வே என்றும் கடைசியில் புளூ லேடி என்றும் பெயர் மாறி வந்தது. உடைக்கலாமா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 2007இல் அனுமதி கிடைத்தது. அதன் மூக்கு நுனி 2009இல் பாரிஸ் ஏலத்துக்கு வந்தது.

ஆகக் கழற்றினால் அழகு பிழைக்கும். கழற்றாவிட்டால் சில சமயம் எல்லாமே எரிந்துபோகும். பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? நீங்கள் அலங்கிலிருந்து கொண்டுவந்த பலகைகளால்தான்.

அந்த அடிகள் மூலைமட்டத்துக்கு நிற்காதது தச்சர் செய்த பிழை இல்லை. பழைய கப்பலின் தளம் மட்டமாக இருக்காது. நடுவில் தாழ்ந்து, முன்னும் பின்னும் ஏறும். குறுக்கே பார்த்தால் நடு மேடாக இருந்து இரு ஓரமும் சரியும். அலை ஏறாமல் இருக்க ஒன்று, ஏறிய தண்ணீர் வடிய மற்றொன்று. இந்த இரண்டு வளைவுக்கும் ஏற்ப ஒவ்வொரு பலகையின் அடியையும் அந்தந்த இடத்தில் வைத்துக் கோடிழுத்து அறுப்பார்கள். அடுத்தடுத்த பலகைகளைக்கூட இடம் மாற்ற முடியாது. குயின் மேரியின் நீண்ட நடைபாதையில் ஒரு முனையில் நின்று பார்த்தால், கதவு வரிசையும் கூரையும் தரையும் சேர்ந்து தூரத்தில் மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். இரண்டு தூணுக்கு நடுவே கட்டிய தோரணம் தொங்குகிற மாதிரி. அருங்காட்சியகத் தரை மட்டமானது. அங்கே கொண்டுபோனால் நீங்கள் செய்ததைத்தான் அவர்களும் செய்வார்கள். அறுப்பார்கள். கோபிக்காதீர்கள், அந்த அரை அங்குலத்தில்தான் கப்பல் இருந்தது.

குயின் மேரியிலும் ஏற்கெனவே நிறைய அறுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1967இல் லாங் பீச் நகராட்சி 34 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. புகைபோக்கிகளைக் கழற்றித் தூக்கினால் அவை உதிர்ந்தன. இரும்பு எப்போதோ போய், முப்பது பூச்சுப் பெயின்ட்தான் அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது இருப்பவை அலுமினிய நகல். கொதிகலன்கள் அத்தனையும் வெளியே போயின. இரண்டாம், மூன்றாம் வகுப்புக் கூடங்களில் பெரும்பாலானவற்றைக் கண்காட்சிக்கும் கடைகளுக்குமாக இடித்தார்கள். முதல் வகுப்பு அறைகள் ஓட்டலாகிப் பிழைத்தன. எனக்கு அது உறுத்தும். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவன் உட்கார்ந்த அறைக்கு மட்டும் ஆயுள் இல்லை.

வெனீர் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டீர்கள். அந்தத் தொழிலில் உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. அன்றைய வெனீர் இன்றைய காகிதம் போன்ற மெல்லிய வெனீர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஈரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டால் நம் பேரன் காலத்துக்கும் நிற்கும். ஈரம் வரும் வழிதான் கேள்வி. கடலில் நிற்கும் கப்பலில் அதைத் தீர்மானிப்பது பாலிஷ்காரர் இல்லை, அடித்தட்டில் ஓடும் பம்ப். கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்க்கும் உலர்துறையை அரை நூற்றாண்டுக்கு மேலாக அவள் கண்டதில்லை. கற்களால் அணைகட்டிய குளத்துக்குள் நிற்பவளை வெளியே கொண்டுவருவதே பெரும்பாடு. 2017இல் வந்த ஆய்வறிக்கை, பழுதுபார்க்க 28 கோடியே 90 லட்சம் டாலர் வரை ஆகலாம் என்றது. குத்தகைக்கு எடுத்த நிறுவனம் 2021இல் திவாலாகி, கப்பல் நகராட்சியின் கைக்கே திரும்பியது. அடுத்த ஆண்டு நகராட்சி முதலில் எதற்குப் பணம் ஒதுக்கியது தெரியுமா? உள்தடுப்புகளுக்கு, நீரிறைக்கும் பம்புகளுக்கு, அவசர ஜெனரேட்டருக்கு, தண்ணீர் புகுந்தால் எச்சரிக்கும் கருவிக்கு. மக்கிப்போன உயிர்காப்புப் படகுகளில் பெரும்பாலானவற்றை இறக்கினார்கள், அவற்றின் எடையே பக்கச் சுவரை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலில் ஒரு பலகைகூட இல்லை என்று கப்பல் பிரியர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. யுனைடெட் ஸ்டேட்ஸ் உள்ளறை இல்லாமல் முப்பது வருடம் மிதந்தது. அடித்தகடு இல்லாமல் எந்த உள்ளறையும் மிதக்காது.

2023இல் மறுபடி திறந்துவிட்டார்கள். ஓட்டல், கல்யாணம், பேய்ச் சுற்றுலா எல்லாம் நடக்கிறது. பேயைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். தண்ணீர் இல்லாத அந்தப் பழைய நீச்சல் குளத்தைப் பார்க்கவென்று ஆள் வருவதே பேய்க்காகத்தான். சம்பளம் வாங்காமல் பம்புக்குக் காசு கொடுக்கும் ஊழியரை எதற்கு விரட்டுவானேன்? ஆள் தங்கும் அறையில் குழாய் ஒழுகினால் அன்றைக்கே தெரியும். பூட்டிய அறையில் பலகை ஊதிய பிறகுதான் தெரியும். இன்னொன்று, இத்தனை மரம் வைத்த கப்பலுக்கு இனிக் கடலில் இடமும் இல்லை. எரியும் பொருளில் கட்டிய பழைய பயணிக் கப்பல்கள் 2010க்குப் பிறகு ஓடக் கூடாது என்பது சர்வதேச விதி. கட்டடம் என்று கணக்கில் எழுதிவிட்டதால்தான் இவள் தப்பினாள்.

போகும்போது உங்கள் சிறிய ரசமட்டத்தை எடுத்துப்போங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள், பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். அறைகள் இருக்கும் தளத்தில் நடுவிலிருந்து முன்பக்கமாக நடங்கள். பத்தடிக்கு ஒருமுறை கைப்பிடிக் கட்டைமேல் மட்டத்தை வைத்துப் பாருங்கள். குமிழி எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று ஒரு காகிதத்தில் குறித்து அனுப்புவீர்களா? வந்தால் இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்.