மருத்துவச்சியின் மகள்கள்

அன்புள்ள ஐயா,

மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ் பற்றி அண்மையில் படித்தேன். மூடநம்பிக்கை பிடித்த மருத்துவச்சிகளிடமிருந்து திருவிதாங்கூர்ப் பெண்களை மீட்டவர் அவர். உலகின் முதல் பெண் சர்ஜன் ஜெனரல் (அரசு மருத்துவத் துறையின் தலைவர்) என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று. எம்.பி.பி.எஸ். முடித்த என் மகள் மகப்பேறு மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். இரவு பகல் தூக்கமில்லாத துறை, தோல் மருத்துவம் எடு என்றால் கேட்க மறுக்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ச., நாகர்கோவில்

அன்புள்ள ச.,

உலகில் முதலா, இரண்டாவதா என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வமில்லை. 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாக ஒரு பெண் அமர்ந்தார், அது போதும். பெண் என்பதால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அவருக்கு அறிவியல் பாடம் தர மறுத்தார்கள். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, லண்டன் போய் மருத்துவரானார். டப்ளின் ரொட்டண்டா மருத்துவமனையில் பயிற்சி பெற்று, 1916இல் ஊர் திரும்பினார். இதெல்லாம் நீங்களும் படித்திருப்பீர்கள்.

என்னைச் சுட்டது, 'மூடநம்பிக்கை பிடித்த மருத்துவச்சிகள்' என்ற உங்கள் சொல். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! என் ஆச்சி மருத்துவச்சி. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது ஆண்டு பேறு பார்த்தவள். உங்கள் பாட்டனாரை முதலில் ஏந்தித் துடைத்ததும் அவளைப் போன்ற ஒருத்தியின் கையாகத்தான் இருக்கும். வலி எடுத்தால் அவள் தெய்வம், பிள்ளை பிறந்துவிட்டால் தீட்டு. கூலி நெல்லைப் பின்வாசலில் வைத்து அளந்து போட்டார்கள்.

மேரி புன்னன் லூக்கோஸ் இவர்களை விரட்டவில்லை. திருவனந்தபுரத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான தைக்காடு மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றதும் அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி தொடங்கியது. ஊர்ப் பெண்கள் யாரை நம்பினார்களோ, அவர்கள் வீட்டுக்குள்ளேயே மருத்துவத்தைக் கொண்டுசேர்த்தார். தன் தலைச்சன் பிள்ளையையும் அதே மருத்துவமனையில்தான் பெற்றார்.

1920இல் அவர் செய்த சிசேரியன்தான் திருவிதாங்கூரில் முதலாவது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பெரிய காரியம்தான். ஆனால் எனக்கு அந்தப் பயிற்சி வகுப்பு அதைவிடப் பெரிது. சிசேரியன் எல்லாத் தாய்க்கும் தேவைப்படுவதில்லை. அழுக்கு நகத்தால் தாய்க்கு வரும் பிரசவக் காய்ச்சலும், துருப்பிடித்த பன்னரிவாளால் தொப்புள்கொடி அறுத்துப் பச்சைப்பிள்ளைக்கு வரும் ரண ஜன்னியும் (டெட்டனஸ்) எந்த வீட்டுக்குள்ளும் நுழையும்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுடைய சித்தி மகள் திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்று வந்தவள். அவளிடம் கற்றதை ஆச்சி கடைசிவரை விடவில்லை. நள்ளிரவில் யார் கதவைத் தட்டினாலும் முதலில் திண்ணையில் உட்கார்ந்து நகம் வெட்டுவாள். விளக்கைப் பிடிப்பது என் வேலை. பிறகு முழங்கைவரை சோப்பு, வெந்நீர், மறுபடியும் சோப்பு. கூப்பிட வந்தவன் வாசலில் நின்று தவிப்பான். அவள் ஒரு விரலிடுக்கைக்கூட விடமாட்டாள். கொடி கட்டும் நூலும் பிளேடும் பானையில் கொதித்துக்கொண்டிருக்கும். போன இடத்தில் பிள்ளை குறுக்கே கிடந்தால், வயிற்றைத் தடவிப் பார்த்ததுமே "வண்டியைப் பூட்டுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுவாள். தன் கையை மீறியது எது என்று அவளுக்குத் தெரியும். இதையா மூடநம்பிக்கை என்கிறீர்கள்? தப்பும் தவறுமாகப் பேறு பார்த்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். தூக்கம் கெடும் என்று தெரிந்தே ஒரு பெண் இந்தப் படிப்பைக் கேட்கிறாள். நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள். அவள் தனியாகப் பார்க்கும் முதல் பேறு முடிந்து கை கழுவியபின், நேரம் இருந்தால், எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.