பக்க முகவரியை மாற்றலாம். பழைய இணைப்பு அறுபடக் கூடாது

கேள்வி: காரைக்குடியில் ஆத்தங்குடித் தரைக்கல் விற்கிறோம். எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தின் பக்க முகவரிகளில் ஆண்டும் மாதமும் வருகின்றன; அவற்றை நீக்கிப் பக்கத்தின் பெயரை மட்டும் வைக்க விரும்புகிறோம். கடை அட்டைகளில் பழைய முகவரியைக் கியூஆர் குறியீடாக அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். அவை செல்லாமல் போய்விடுமா?

பதில்: போகாமல் காக்கலாம்; ஆனால் அதற்கான வேலையை முகவரியை மாற்றுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். செட்டிநாட்டுச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டிய விலாசத்தைப் போல, அட்டையில் அச்சான முகவரியையும் இனித் திருத்த இயலாது. ஆகவே பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைத் தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும்.

முதலில் தளத்தை முழுமையாக பேக்கப் எடுத்துக்கொண்டு, தளத்தின் பக்க முகவரிகளைத் தொகுத்துவைக்கும் தளவரைபடத்திலிருந்து (sitemap) எல்லாப் பழைய முகவரிகளையும் ஒரு பட்டியலாக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் புதிய முகவரியை எழுதுங்கள். தலைப்பைப் பார்த்து முகவரியை ஊகித்து எழுதாதீர்கள். 'ஆத்தங்குடி' நம் கண்ணுக்கு ஆறு எழுத்துதான். கணினி எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையில் அது 10 குறிகள், முகவரியில் ஒரு குறி 9 இடங்களை எடுப்பதால் மொத்தம் 90 இடங்கள். வேர்ட்பிரஸ் ஒரு பக்கப் பெயருக்கு 200 இடங்களே தருவதால், நீண்ட தமிழ்த் தலைப்புகளின் வால் முகவரியில் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும். அப்படியே நகலெடுப்பதே பாதுகாப்பு.

பெயர் மாறாமல் ஆண்டும் மாதமும் மட்டும் நீங்குமானால், வேர்ட்பிரஸ் பெரும்பாலும் தானே ஊகித்துச் சரியான பக்கத்துக்கு அனுப்பிவிடும். இருந்தாலும் ஊகத்தை நம்பிக் கடையின் பெயரைப் பணயம் வைக்க வேண்டாம். ஒரே விதியில் எல்லாவற்றுக்கும் ரீடைரக்ட், அதாவது பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு, அமைக்கலாம். பெயரையும் மாற்றிய பக்கங்களுக்கு மட்டும் தனித்தனி விதி தேவைப்படும். பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது பெருந்தவறு: பூவேலைக் கல்லைத் தேடி வந்தவர் அங்கே அதைக் காணாமல் திரும்பிவிடுவார், கூகுளும் அந்தப் பக்கம் இல்லாமல் போனதாகவே கருதக்கூடும்.

விதியைச் சோதிக்கும்போது தற்காலிகத்தைக் குறிக்கும் 302 என்ற ரீடைரக்ட் எண்ணை வையுங்கள். எல்லாம் சரியான பிறகே நிரந்தரத்தைக் குறிக்கும் 301-க்கு மாற்றுங்கள். பிரௌசர்கள் 301-ஐ நினைவில் வைத்துக்கொள்வதால், அதில் நேர்ந்த பிழையை நீங்கள் திருத்திய பின்னும் பார்ப்பவர் பழைய தவறான இடத்துக்கே போய்க்கொண்டிருப்பார். தளத்துக்குள் நீங்களே கொடுத்திருக்கும் இணைப்புகளையும் புதிய முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்குமாறு கூகுள் சொல்கிறது. உங்கள் அட்டைகள் வாடிக்கையாளர் வீடுகளில் இருக்கும்வரை அதை எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மாற்றம் முடிந்த அன்றே, கையிலுள்ள மிகப் பழைய அட்டையை எடுத்து, தளத்தை இதுவரை திறந்திராத ஒரு கைப்பேசியில் ஸ்கேன் செய்து பாருங்கள்.