சிறுநீரகம் மாற்றியவர் கையில் ஆறாத தடிப்பு: மூன்று மாதம் பொறுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டாக்ரோலிமஸ், அசாதயோபிரின், பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக வலது புறங்கையில் சொரசொரப்பான ஒரு தடிப்பு. பொருக்கு உதிர்ந்தால் ரத்தம் கசிகிறது, மறுபடி பொருக்குக் கட்டுகிறது. வலி இல்லை. சிறுநீரக மருத்துவரை அடுத்து பார்ப்பது மூன்று மாதம் கழித்துத்தான். அதுவரை பொறுக்கலாமா? மாத்திரைதான் காரணம் என்றால் குறைத்துக்கொள்ளட்டுமா? நான் கருநிறம்; தோல் புற்றுநோய் வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தானே வரும்?

பதில்: பொறுக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். நேரம் வாங்கும்போதே 'சிறுநீரகம் மாற்றியவன், ஆறாத புண் இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். அதுவரை வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு களிம்பு எதையும் தடவாதீர்கள். அது தடிப்பின் தோற்றத்தை மாற்றி, பார்ப்பவரைக் குழப்பிவிடும்.

இது புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. சாதாரண மருவாகவும் இருக்கலாம், வெயிலால் வரும் புற்றுக்கு முந்தைய தடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு அதிகம் வரும் தோல் புற்றான ஸ்குவாமஸ் செல் கார்சினோமாவும் தொடக்கத்தில் இப்படித்தான் தெரியும். வெறும் கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம், பயாப்ஸி தேவைப்படலாம். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சிறு துண்டு எடுப்பார்கள், அவ்வளவுதான். வலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்; தொடக்கத்தில் பலருக்கும் வலி இருப்பதில்லை.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்? இந்தப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களைப் போன்றவர்களுக்குப் பல பத்து மடங்கு அதிகம். மருந்து சாப்பிடும் ஆண்டுகள் கூடக் கூட அதுவும் கூடும். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிறோம். கெட்டுப்போன செல்களைத் தேடி அழிப்பதும் அதே சக்திதான். உங்கள் மருந்துகளில் அசாதயோபிரினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் ஒரு பகுதி தோல் செல்களின் டிஎன்ஏவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் இருக்கும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிரைச் சாதாரண டிஎன்ஏ அவ்வளவாக உறிஞ்சாது. இந்த டிஎன்ஏ நன்றாகவே உறிஞ்சிச் சேதமடையும். யுவிஏ சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். அதனால் ஜன்னலோரம் பல மணி நேரம் உட்காருவதும் உங்களுக்குக் கணக்கில் சேரும்.

அதற்காக மாத்திரையில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். ஒரு புண்ணுக்குப் பயந்து சிறுநீரகத்தையே இழக்கும் நிலை வரக்கூடாது. பயாப்ஸியில் புற்று என்று வந்தால் தோல் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் கலந்து பேசுவார்கள். அசாதயோபிரினுக்குப் பதில், எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான மைகோபினோலேட் தரலாம். சிலரை அதே வேலை செய்யும் சிரோலிமஸுக்கு மாற்றுவதுண்டு. அது புதிதாக இந்தப் புற்று வருவதைக் குறைக்கிறது. ஆனால் வாய்ப்புண், சிறுநீரில் புரதம் போவது, காயம் மெதுவாக ஆறுவது போன்ற தொல்லைகள் இருப்பதால் எல்லோருக்கும் ஒத்துவராது. சிறியதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு குணமாகிவிடும். விட்டுவைத்தால்தான் ஆபத்து: எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது வேகமாக வளர்ந்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடும்.

நிகோடினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) மாத்திரை பற்றியும் யாராவது சொல்வார்கள். 2015-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஏற்கெனவே தோல் புற்று வந்தவர்களுக்கு அது உதவியது உண்மை. ஆனால் உறுப்பு மாற்றியவர்களை மட்டும் வைத்துச் செய்து 2023-ல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. அதை நம்பி வெயிலில் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

சரி, கருநிறம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கிறது, உங்கள் அபாயம் வெளிர்தோல்காரரைவிடக் குறைவுதான். ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. கருநிறத்தவர்களுக்கு வெயிலே படாத இடங்களிலும் இந்தப் புற்று வருகிறது: பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி, பழைய தீக்காயத் தழும்பு. அங்கே யாரும் பார்ப்பதில்லை என்பதால் தாமதமாகவே தெரியவருகிறது. அதனால் மாதம் ஒருமுறை, குளித்த பிறகு கண்ணாடி முன் நின்று முழு உடம்பையும் பாருங்கள். உள்ளங்கால், விரலிடுக்கு, நகத்தடி உட்பட. முதுகையும் உச்சந்தலையையும் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை காட்டுங்கள். ஒருமுறை புற்று வந்துவிட்டால் இன்னும் அடிக்கடி. அவர் கையை மட்டும் பார்த்து அனுப்பினால், கூச்சப்படாமல் மற்ற இடங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வெளியே போகும்போது முழுக்கைச் சட்டை, அகலமான விளிம்புள்ள தொப்பி. மூடாத இடங்களில் யுவிஏவையும் தடுக்கும் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன். காதுமடலையும் புறங்கையையும் மறந்துவிடாதீர்கள். வெயிலைத் தவிர்ப்பதால் வைட்டமின் டி குறையலாம், அடுத்த ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.